"அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று வாடகையை நிறுத்திவிட்ட வாடகைக்காரர்: வீட்டு உரிமையாளர் என்ன செய்யலாம்? முழுமையான வழிகாட்டி

வீடு காலி செய்யப்போகிற வாடகைக்காரர் கடைசி இரண்டு மூன்று மாதம் வாடகை தராமல் இருப்பது நம் ஊரில் கிட்டத்தட்ட வழக்கமாகவே ஆகிவிட்டது. கேட்டால் ஒரே பதில்தான்: "அதான் அட்வான்ஸ் இருக்கே சார், அதுல கழிச்சுக்கோங்க." மாடி போர்ஷன் வாடகையை நம்பி மருந்து வாங்குகிற வயதானவர்களுக்கும், அந்த வாடகையை வைத்து வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நிற்கிறது, கையில் இருக்கிற அட்வான்ஸும் மெல்ல மெல்லத் தேய்கிறது, அவர் சொன்ன தேதியில் காலி செய்வாரா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இங்கே எழுதியிருப்பது தமிழ்நாட்டில் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு. முதலிலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பார்க்க வேண்டியது பாக்கி எவ்வளவு என்பதை மட்டும் அல்ல, அட்வான்ஸ் எந்தத் தேதியில் தீர்கிறது என்பதை. அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் பேசினால் எதிரில் இருப்பவர் கேட்பார், ஏனென்றால் அவருடைய பணம் உங்களிடம் இருக்கிறது. அது தீர்ந்த பிறகு பேசினால் அவர் கேட்பதற்குக் காரணமே இல்லை.

முதல் படி: இவர் எந்த மாதிரி ஆள் என்று பிரித்துப் பாருங்கள்

வாடகையை நிறுத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. மூன்று விதமானவர்கள் உண்டு, மூவரிடமும் பேசும் விதம் வேறு.

முதல் ஆள், அட்வான்ஸ் திரும்பி வராது என்று பயப்படுகிறவர். உண்மையைச் சொன்னால் இந்தப் பயத்துக்குக் காரணம் நம்மைப் போன்ற உரிமையாளர்கள்தான். "அடுத்த ஆள் வந்ததும் அட்வான்ஸ் வாங்கித் தர்றேன்" என்று இரண்டு மாதம் இழுத்தடிக்கிறவர்களும், சுவரில் ஒரு ஆணி ஓட்டைக்கு முழு வீட்டுக்கும் பெயின்ட் காசு பிடிக்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். போன வீட்டில் அப்படி அனுபவப்பட்டவர் இந்த முறை முன்னெச்சரிக்கையாக வாடகையை நிறுத்திக்கொள்கிறார். அட்வான்ஸை எந்த நாளில் தருவீர்கள் என்று எழுதிக் கொடுத்தாலே இவர்களில் பலர் வாடகையை அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது ஆள், நிஜமாகவே பணம் இல்லாதவர். வேலை போயிருக்கலாம், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கலாம், புது வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட வேண்டியிருக்கலாம். கடைசிக் காரணம்தான் அதிகம், ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டு அட்வான்ஸ் மாட்டிக்கொள்ளும்போது மாதச் சம்பளக்காரர் எங்கே போவார்? இவரிடம் கடுமை காட்டிப் பயன் இல்லை, கணக்குப் பேசித்தான் முடிக்க வேண்டும்.

மூன்றாவது ஆள்தான் சிக்கல். "அடுத்த மாசம் காலி பண்ணிடறேன்" என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டே இருப்பார். புது வீடு எங்கே பார்த்திருக்கிறார் என்று கேட்டால் பதில் இருக்காது. போனை எடுக்கமாட்டார், வாட்ஸ்அப்பில் நீல டிக் வரும், பதில் வராது. இவரை அடையாளம் காண எளிய வழி, காலி செய்யும் தேதியை எழுத்தில் கேட்பது. முதல் இரண்டு பேரும் கொடுத்துவிடுவார்கள். இவர் கொடுக்கமாட்டார்.

இரண்டாவது படி: அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள்

பீரோவில் கிடக்கும் அந்த ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து ஐந்து விஷயங்களைப் பாருங்கள்: வாடகை எத்தனாம் தேதிக்குள் தர வேண்டும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், அட்வான்ஸை வாடகையில் கழிக்கலாமா கூடாதா என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, பெயின்டிங்குக்குக் கழிக்கலாம் என்று இருக்கிறதா, தாமதத்துக்கு வட்டி உண்டா. நிறைய அக்ரிமென்ட்டில் "அட்வான்ஸை வாடகையில் ஈடுசெய்யக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும், எழுதியவரும் மறந்திருப்பார், கையெழுத்துப் போட்டவரும் மறந்திருப்பார். இருந்தால் உங்களுக்குப் பலம்.

இப்போது சட்டம். பழைய 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும், வீட்டு உரிமையாளர் – வாடகைக்காரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டம்தான் இருக்கிறது. இதில் நமக்குத் தேவையானவை சில. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) பதிவு செய்ய வேண்டும், பதிவானதும் ஒரு பதிவு எண் கொடுப்பார்கள், இதற்கு அரசின் இணையதளமே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வாடகைக்காரர் காலி செய்த பிறகு, அவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

வீட்டை மீட்கும் காரணங்களில் நமக்குப் பொருந்துவது 21-வது பிரிவில் இருக்கிறது. இரண்டு மாத வாடகையும் மற்ற கட்டணங்களும் பாக்கி என்றால், உரிமையாளர் எழுத்தில் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் தராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் கட்டிவிட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது.

இரண்டு மாதப் பாக்கி, அப்புறம் ஒரு மாத அவகாசம், மொத்தம் மூன்று மாதம். நீங்கள் சட்டப்படி மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், கோர்ட்டுக்குப் போகிற உரிமை உங்கள் கைக்கு வருகிற அதே நேரத்தில் அட்வான்ஸ் முழுவதும் தீர்ந்திருக்கும். அதனால்தான் "பாவம், அடுத்த மாசம் தருவார்" என்று சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் விலை கூடியது.

அக்ரிமென்ட்டே இல்லை, அல்லது 11 மாதத்துக்குப் போட்டது காலாவதியாகி மூன்று வருடம் ஆயிற்று, பதிவும் செய்யவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் நோட்டீஸ் அனுப்பும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். எழுத்து ஒப்பந்தம் போடாமல் விட்டதையே காரணமாகக் காட்டி வீட்டைக் கேட்கும் வழி அதே 21-வது பிரிவில் இருக்கிறது, எந்தக் காரணத்தில் போவது என்பதை அவர் உங்கள் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது படி: கணக்குப் போடுங்கள்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வாடகை 15,000, மெயின்டனன்ஸ் 1,500, அட்வான்ஸ் ஐந்து மாதத்துக்கு 75,000 என்று எழுதி வாங்கியது. ஜூலையில் "செப்டம்பர் 30 காலி பண்றோம்" என்று சொன்னார், ஆகஸ்ட் மாதத்திலிருந்து வாடகை வரவில்லை.

ஆகஸ்ட், செப்டம்பர் வாடகையும் மெயின்டனன்ஸும் சேர்த்து 33,000. ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் காலி செய்யும் நாள் வரை மீட்டரில் ஓடியதையும் சேர்த்து 3,500 என்று வையுங்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்று அக்ரிமென்ட்டில் எழுதியிருக்கிறது, 15,000. உடைந்த வாஷ்பேசின், ஒரு அறைக் கதவின் பூட்டு, 4,000. ஆக மொத்தம் 55,500. திருப்பித் தர வேண்டியது 19,500. சரி, இவர் சொன்ன தேதியில் போனால் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

அவர் ஒரே ஒரு மாதம் கூடுதலாக இருந்தால்? 16,500 வாடகையும் மெயின்டனன்ஸும், ஈ.பி. சுமார் 1,700, மொத்தம் 18,200. மிச்சம் 1,300 ரூபாய். அதாவது அக்டோபர் 31-தான் உங்கள் அட்வான்ஸ் தீரும் தேதி. நவம்பர் 1 முதல் அவர் உங்கள் பணத்தில் குடியிருக்கிறார். இதே கணக்கில் அட்வான்ஸ் மூன்று மாதம், 45,000 மட்டும் என்றால் செப்டம்பர் முடியும்போதே உங்களுக்கு 10,500 குறைகிறது.

உங்கள் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு தாளில் எழுதி, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தத் தேதியைப் பார்த்துத்தான்.

பெயின்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடிப்பது ஊர் வழக்கம், ஆனால் அக்ரிமென்ட்டில் எழுதியிருந்தால்தான் நிற்கும். சட்டத்தின் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பில்தான் வருகிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கண்ணாடி, கொசுவலை, அடைத்துக்கொண்ட சாக்கடை, இவை வாடகைக்காரர் பக்கம். எழுதாத பெயின்ட் காசைக் கணக்கில் சேர்த்தால் முதல் ஆளின் பயத்தை நீங்களே உண்மையாக்குகிறீர்கள், நியாயமான மற்ற கணக்கையும் அவர் நம்பமாட்டார்.

நான்காவது படி: முதல் மாதமே எழுத்தில் கேளுங்கள்

வாடகை தேதி தாண்டி ஐந்தாறு நாள் ஆனதும், முதலில் நேரில் அல்லது போனில் பேசுங்கள். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். மிரட்டல் வேண்டாம், அவர் மனைவிக்கோ ஆபீசுக்கோ போன் போட்டு அவமானப்படுத்த வேண்டாம், அபார்ட்மென்ட் குரூப்பில் போடவே வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"வணக்கம் சார். ஆகஸ்ட் மாத வாடகை 15,000, மெயின்டனன்ஸ் 1,500 இன்று 10-ம் தேதி வரை வரவில்லை. செப்டம்பர் 30 அன்று காலி செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதை இங்கே உறுதிப்படுத்துங்கள். அட்வான்ஸை வாடகையில் கழிக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. 15-ம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். சாவி கொடுக்கும் அன்றே கணக்குப் பார்த்து மீதி அட்வான்ஸை உங்கள் அக்கவுன்ட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். ஏதாவது சிரமம் என்றால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசிக்கொள்வோம்."

இதில் எல்லாமே இருக்கிறது: எந்த மாதம், எவ்வளவு, அவர் சொன்ன தேதி, கழிக்க நீங்கள் சம்மதிக்கவில்லை என்பது, அட்வான்ஸ் என்று திரும்ப வரும் என்பது. அந்தக் கடைசி உறுதி மிக முக்கியம், முதல் ஆளுக்குத் தேவைப்படுவது அதுதான்.

"கழிக்க ஒப்புக்கொள்ளவில்லை" என்பதை ஏன் எழுத வேண்டும் என்றால், நாளைக்கு விஷயம் கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே "அட்வான்ஸ் கையில் வைத்துக்கொண்டு பாக்கி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். பழைய சட்டம் இருந்த காலத்திலேயே இந்த வாதம் எழுந்து, வாடகைக்காரர் பக்கம் எடுபட்டும் இருக்கிறது. நீங்கள் போனில் "சரி பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டால் அதையே சம்மதம் என்பார்கள்.

ஐந்தாவது படி: கழிக்கச் சம்மதிப்பதா, வேண்டாமா

என் அபிப்பிராயம், முதல் இரண்டு ரக ஆட்களாக இருந்து, உங்கள் கணக்கில் மிச்சம் இருந்தால், சம்மதித்துவிடுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்காக இரண்டு மாதம் மனஸ்தாபத்தோடு ஒரே வீட்டின் மாடிப்படியில் ஏறி இறங்குவதில் யாருக்கும் லாபம் இல்லை, கோபத்தோடு போகிறவர் வீட்டை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போவார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனால் வாயால் சம்மதிக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில், இருவரும் கையெழுத்துப் போட்டு, இன்ன மாதங்களின் வாடகை மட்டும் அட்வான்ஸில் கழிக்கப்படும், இன்ன தேதிக்குள் காலி செய்து சாவியை ஒப்படைத்தால் மட்டுமே இந்த ஏற்பாடு செல்லும், ஒப்படைக்காவிட்டால் அந்த மாதங்களின் வாடகை முழுப் பாக்கியாகவே கருதப்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த "ஒப்படைத்தால் மட்டுமே" இல்லாத கடிதம் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் கழித்த மாதம் பாக்கி மாதம் ஆகாது, இரண்டு மாதப் பாக்கி என்ற காரணமே கரைந்துவிடும்.

பணம் இல்லாதவரிடம் ஒரு பகுதியாவது வாங்கப் பாருங்கள். மெயின்டனன்ஸும் ஈ.பி.யும் மாதாமாதம் கட்டட்டும், வாடகை மட்டும் அட்வான்ஸில் போகட்டும் என்பது இரு பக்கமும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. அவர் 5,000 அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், எந்த மாதக் கணக்கில் வரவு வைத்தீர்கள் என்று உடனே பதில் எழுதுங்கள்.

சம்பளக்காரராக இருந்தால் வீட்டு வாடகைப் படிக்காக வாடகை ரசீது கேட்பார். தராத மாதத்துக்கு "பெற்றுக்கொண்டேன்" என்று ரசீது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அந்த ஒரு தாள் உங்கள் பாக்கிக் கணக்கு முழுவதையும் சாய்த்துவிடும். கழித்துக்கொள்ளச் சம்மதித்த மாதம் என்றால் "அட்வான்ஸில் ஈடுசெய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுங்கள்.

ஆறாவது படி: இரண்டாவது மாதமும் வரவில்லை என்றால் நோட்டீஸ்

இரண்டாவது மாத வாடகைத் தேதியும் தாண்டி, எழுத்துச் சம்மதமும் இல்லை என்றால், அவர் "இந்த மாசக் கடைசியில போயிடுவேன்" என்று சொன்னாலும் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். உதாரணத்தில் செப்டம்பர் 6, 7-ம் தேதி வாக்கில். அவர் 30-ம் தேதி காலி செய்துவிட்டால் ஒரு தபால் செலவோடு போயிற்று. செய்யவில்லை என்றால் அக்டோபர் இரண்டாவது வாரத்தில் அந்த ஒரு மாத அவகாசம் முடிந்திருக்கும், அட்வான்ஸ் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். காத்திருந்து அக்டோபரில் அனுப்பினால் இரண்டும் போய்விடும்.

நோட்டீஸை வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது, நீங்களே அனுப்பினாலும் தவறில்லை. வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, பதிவு எண், எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி, மெயின்டனன்ஸ் தனியாக, வட்டி எழுதியிருந்தால் அது தனியாக, மொத்தம், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எந்த அக்கவுன்ட்டில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் 21-வது பிரிவின் கீழ் வாடகை நீதிமன்றத்தை அணுகுவேன் என்பது, இவ்வளவும் இருந்தால் போதும். தொகையில் தவறு விடாதீர்கள், எழுதாத பெயின்ட் காசையும் கோபத்தில் சேர்த்த அபராதத்தையும் உள்ளே நுழைக்காதீர்கள்.

பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் ஸ்பீடு போஸ்ட்டில், யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று கிடைக்கும்படி கேட்டு அனுப்புங்கள். வாடகை வீட்டு முகவரிக்கு ஒன்று, அவருடைய ஆதாரில் இருக்கும் சொந்த ஊர் முகவரிக்கு ஒன்று. அதோடு நோட்டீஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், தபால்காரர் எழுதிய குறிப்போடு இருக்கும் அந்த மூடிய கவர்தான் உங்கள் ஆதாரம்.

நோட்டீஸுக்குப் பிறகு பணம் வந்தால் வாங்கலாம். "பாக்கிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறேன், நோட்டீஸைத் திரும்பப் பெற்றதாக ஆகாது" என்று ஒரு வரி பதில் அனுப்பிவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

கோபம் வரும். மூன்று மாதம் வாடகை தராமல் ஒருவர் உங்கள் வீட்டில் ஏ.சி. போட்டுக்கொண்டு இருப்பதைக் கீழே இருந்து பார்ப்பது எவ்வளவு எரிச்சல் என்று தெரியும். ஆனாலும் கரன்ட்டை நிறுத்தாதீர்கள், மோட்டார் போடாமல் தண்ணீரை நிறுத்தாதீர்கள். அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று சட்டத்தில் தனியாகவே இருக்கிறது, அவர் வாடகை அதிகாரியிடம் போனால் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். அதுவரை குற்றவாளியாக நின்றவர் அவர், அதற்குப் பிறகு நீங்கள்.

அவர் வெளியூர் போயிருக்கும் நேரத்தில் பூட்டை மாற்றுவது, சாமானை எடுத்து வெளியே வைப்பது, லாரி வந்து நிற்கும்போது கேட்டைப் பூட்டிக்கொண்டு "காசை வச்சிட்டுப் போ" என்று மறிப்பது, இவை எல்லாம் போலீஸ் கேஸாக உங்கள் மேலேயே திரும்பும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால்கூட 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். வாடகைப் பாக்கி சிவில் விவகாரம், ஸ்டேஷனில் போய் நின்றால் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். அவர் மிரட்டினாலோ, பொருளை உடைத்தாலோ அது வேறு, அப்போது புகார் கொடுங்கள்.

ஏழாவது படி: கோர்ட்டுக்கு முன்னால் ஒரு முயற்சி

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவிலும் குழு உண்டு. வழக்குப் போடும் முன்பே அங்கே ஒரு மனு கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. பேச்சு முடிந்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) தீர்வு எழுதிக் கையெழுத்தானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நாம் கூப்பிட்டால் வராதவர் அங்கிருந்து தபால் வந்தால் வருகிறார். வீட்டு உரிமையாளர் பெண்ணாக இருந்தால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் கேட்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை, தனியாக இருக்கும் அம்மாக்களுக்குச் சொல்லுங்கள்.

அங்கேயும் நடக்கவில்லை, ஒரு மாத அவகாசமும் முடிந்தது என்றால் வாடகை நீதிமன்றம். ஒப்பந்தம், பதிவுச் சான்று, வீட்டுப் பத்திர நகல், சொத்து வரி ரசீது, வாடகை வந்த காலத்து பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சின் பிரதி, நோட்டீஸ், அது சேர்ந்த சான்று, ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி வக்கீலிடம் கொடுங்கள். கோப்பு ஒழுங்காக இருந்தால் வழக்கு வேகமாக முடிகிறது. சட்டம் சீக்கிரம் முடிக்கச் சொன்னாலும் நடைமுறையில் மாதக் கணக்கில் ஆகும் என்பதை மனதில் வைத்துத்தான் இறங்க வேண்டும். வழக்கு நடக்கும்போதும் சமரசத்துக்குக் கதவு திறந்தே இருக்கட்டும். "பாக்கியில் பாதியை விட்டுவிடுகிறேன், 15-ம் தேதி சாவியைக் கொடு" என்று முடிப்பது சில நேரம் மலிவான வழி. வீடு கைக்கு வந்தால் அடுத்த மாதமே வேறு ஆளிடம் வாடகை வரும் என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

எட்டாவது படி: காலி செய்யும் நாள்

இரண்டு வாரம் முன்பே அவரையும் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று பாருங்கள். பழுதுகளை எழுதி, அவரே சரி செய்கிறாரா, கழித்துக்கொள்ளலாமா என்று அப்போதே பேசிவிடுங்கள். லாரி நிற்கும்போது வாஷ்பேசின் விலையைப் பற்றிச் சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

காலி செய்யும் அன்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு வேண்டாம். சாமான் எல்லாம் இறங்கிய பிறகு, ஒவ்வொரு அறையையும் நிறுத்தி நிதானமாக வீடியோ எடுங்கள். ஈ.பி. மீட்டர் ரீடிங்கை எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து, ஃபிளஷ் அடித்து, சிங்க்கில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். ஃபேன் எத்தனை கொடுத்தீர்கள், எத்தனை இருக்கிறது. மொட்டைமாடிக் கதவுச் சாவி, மெயின் கேட் சாவி, லெட்டர் பாக்ஸ் சாவி உட்பட எல்லாச் சாவியும் எண்ணி வாங்குங்கள்.

அப்புறம் ஒரு கடிதம், இதை விடவே கூடாது: "இன்ன தேதி, இத்தனை மணிக்கு வீட்டை முழுவதும் காலி செய்து இத்தனை சாவிகளை ஒப்படைத்தேன். வாடகை, மின்கட்டணம், பழுது கழித்தது போக மீதி அட்வான்ஸ் இவ்வளவு பெற்றுக்கொண்டேன். இனி இந்த வீட்டின் மீது எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை." கையெழுத்து, ஒரு சாட்சி. அவர் எதிரிலேயே மீதிப் பணத்தை அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்கள். சட்டம் ஒரு மாதம் தருகிறது என்பதற்காக ஒரு மாதம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சாமானைப் பாதி வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு ஆள் காணாமல் போகிற கேஸ் ஒன்று உண்டு. பூட்டை உடைக்காதீர்கள். உள்ளே ஒரு பழைய கட்டிலும் நாலு பாத்திரமும்தான் இருக்கும், ஆனால் "நகை இருந்தது" என்று பிறகு சொன்னால் உங்களால் மறுத்து நிரூபிக்க முடியாது. இரண்டு முகவரிக்கும் நோட்டீஸ், உறவினர் நம்பருக்குத் தகவல், அப்புறம் வக்கீல் மூலம் நீதிமன்ற உத்தரவோடுதான் திறக்க வேண்டும்.

பாக்கியோடு போய்விட்டார் என்றால்

வாடகைப் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் கால வரம்பு, ஒவ்வொரு மாத வாடகைக்கும் அது பாக்கி விழுந்த நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். பத்து இருபதாயிரத்துக்கு வழக்குப் போடுவதை நான் சொல்லமாட்டேன், வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் அதைத் தாண்டும், லோக் அதாலத் மனுவோடு நிறுத்திக்கொள்ளலாம். லட்சத்தைத் தொட்டால் யோசியுங்கள். வராமலே போன வாடகையை, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வருமான வரிக் கணக்கில் வருமானமாகக் காட்டாமல் விடலாம், அதற்கு அவர் காலி செய்ததும் நீங்கள் வசூலிக்க முயன்றதும் காகிதத்தில் இருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள், ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

ஈ.பி. இணைப்பு உங்கள் பேரில் இருப்பதால் அவர் விட்டுப்போன பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஃபியூஸ் பிடுங்கப்படுவது உங்கள் வீட்டில். பில் தகவல் அவருடைய மொபைலுக்குப் போய்க்கொண்டிருந்தால் உடனே உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள்.

அடுத்த வாடகைக்காரருக்கான அக்ரிமென்ட்டில்

அடுத்தவர் நல்லவராகவே இருந்தாலும் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கும் இது பாதுகாப்பு. எழுத்துச் சம்மதம் இல்லாமல் அட்வான்ஸை வாடகையில் ஈடுசெய்யக் கூடாது. காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ், தேதியோடு, எழுத்தில். சாவி ஒப்படைக்கும் அன்றே மீதி அட்வான்ஸ் தரப்படும், தாமதித்தால் உரிமையாளர் இவ்வளவு வட்டி தருவார். பெயின்டிங்குக்குப் பிடிப்பது இருந்தால் தொகை, எத்தனை வருடம் குடியிருந்தால் எவ்வளவு என்பதோடு. சொந்த ஊர் முகவரி, ஆபீஸ் முகவரி, உறவினர் ஒருவரின் நம்பர். கையெழுத்தான கையோடு இருவரும் சேர்ந்து இணையதளத்தில் பதிவு செய்து, அந்த எண்ணை அக்ரிமென்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.